பூண்டுத் தண்ணீருக்குப் பாம்பு அஞ்சுமா?

வாசகர் கேள்வி: 8 அக்டோபர் 2024
மணலி புதுநகரில் வீடு கட்டிக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்குள் நான்கு பாம்புகளைப் பார்த்துவிட்டோம். பூண்டையும் பெருங்காயத்தையும் கரைத்துச் சுற்றுச்சுவர் ஓரமாகத் தெளித்தால் வராது என்கிறார்கள். பலன் உண்டா? இல்லையென்றால், கண்டவுடன் அடித்துக் கொல்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

8 அக்டோபர் 2024, இரவு 9.40
பலன் இல்லை. நான் இடையன்சாவடிக்காரன், உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறேன். என் தாயார் இரண்டு மழைக்காலம் விடாமல் பூண்டும் பெருங்காயமும் கரைத்துத் தெளித்தார். இரண்டாம் ஆண்டு கார்த்திகையில், அந்தக் கரைசல் இருந்த பிளாஸ்டிக் குடத்தின் அடியிலேயே ஒரு நாகம் சட்டை உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பினாயில், மண்ணெண்ணெய், ஒருவர் சொன்னாரென்று சவர்க்காரத் தண்ணீர் என எல்லாவற்றையும் தெளித்துப் பார்த்துவிட்டோம். வாடை அதற்குப் பிடிக்கிறதோ இல்லையோ, ஈரமான ஒரு சாண் தரையைத் தாண்டிச் செல்ல அதற்கு இரண்டு நொடி போதும். அடுத்த மழையில் உங்கள் கரைசலும் வாய்க்காலோடு போய்விடும்.

அடிப்பதைப் பற்றி நாளை எழுதுகிறேன். நீங்கள் பார்த்த நான்கும் எப்படி இருந்தன என்பதை முதலில் சொல்லுங்கள்.

9 அக்டோபர் 2024, மாலை 6.15
உங்கள் விவரத்தைப் படித்தேன். முதலிரண்டும் பகலில் வந்தவை, ஆளுயரத்துக்குக் குறையாதவை, ஆளைக் கண்டதும் பாய்ந்து ஓடியவை என்றால் அவை சாரையாகத்தான் இருக்க வேண்டும். வாய்க்காலில் சதுரம் சதுரமாகப் புள்ளி தெரிந்தது தண்ணீர்ப் பாம்பு. கடித்தால் வலிக்கும், நஞ்சு கிடையாது. நான்காவது படம் எடுத்தது என்கிறீர்கள், அதில் விவாதத்துக்கு இடமில்லை.

இப்போது அடிப்பதற்கு வருகிறேன். பகலில் கண்ணில் பட்டு அடிபட்டுச் சாவது பெரும்பாலும் சாரைதான். நம் பகுதியில் எலியைத் தின்று தீர்ப்பதும் அதுதான். 2011இல் இந்தக் கிராமங்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வரி நகரத்து வரியாகிவிட்டது, பாம்பு மட்டும் கிராமத்துப் பாம்பாகவே இருக்கிறது. வயல்களுக்கு நடுவில் கிடங்குகளும் கண்டெய்னர் நிறுத்துமிடங்களும் வந்துவிட்டன. தானியமூட்டையும் உணவுக் கழிவும் எங்கே இருக்கின்றனவோ அங்கே எலி வரும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். செங்குன்றத்தில் அரிசி ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. சாரையை அடித்துவிட்டு எலியைப் பெருகவிட்டால், அந்த எலியைத் தேடி வருவது நாகமாகவும் இருக்கலாம்.

பாம்பை இனம் பிரிக்கப் பழகுங்கள். போன வாரம்கூட எங்கள் குளியலறையில் ஒரு முழ நீளத்தில் கறுப்பில் வெள்ளை வரி போட்ட குட்டி ஒன்று கிடந்தது. வீட்டில் எல்லோரும் அலறினார்கள். நான் அது வெள்ளிக்கோல் வரையன், நஞ்சில்லாதது, பல்லி பிடிக்க வந்தது என்று சொல்லி, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு, துடைப்பத்தால் முறத்தில் தள்ளிப் பக்கத்து மனையில் கொண்டுபோய் விட்டேன்.

10 அக்டோபர் 2024
எட்டடி விரியன் கடித்தால் எட்டு அடி வைப்பதற்குள் உயிர் போய்விடுமா என்று மீஞ்சூர் நண்பர் கேட்டிருக்கிறார். போகாது. நம் நாட்டுப் பாம்பு எதுவும் அந்த வேகத்தில் கொல்வதில்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் அளவுக்குப் பெரும்பாலும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எட்டு அடி என்று யார் அளந்தார் என்பதும் தெரியவில்லை. அளந்தவர் பிழைத்திருந்தால்தானே சொல்லியிருக்க முடியும்?

17 அக்டோபர் 2024, இரவு
மூன்று நாள் மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நின்றதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அப்போது கொசஸ்தலை ஆறும் வாய்க்கால்களும் ஒன்றாகிவிட்டன. வயல் வளைகள் மூழ்கியதால், மேடு எங்கே இருந்ததோ அங்கெல்லாம் பாம்பும் வந்து ஒதுங்கியது. எங்கள் மாடிப்படியின் நடுப்படியில் ஒரு தண்ணீர்ப் பாம்பு, மேற்படியில் ஒரு எலி, அதற்கும் மேலே நாங்கள் என்று ஓர் இரவு முழுவதும் இருந்தோம். யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. அந்தப் பாம்புக்கு எலியின் நினைவே வரவில்லை என்பதை விடியும்வரை கைவிளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நான் உறுதியாகச் சொல்வேன்.

வெள்ளம் வடிந்த பிறகு வரும் பத்து நாள்தான் வெள்ளத்தைவிட ஆபத்தானது. ஈர மெத்தை, செருப்பு, குவித்து வைத்த துணி, கவிழ்ந்து கிடக்கும் வாளி எதையும் கையை விட்டுத் தூக்காமல் ஒரு கழியால் புரட்டிப் பாருங்கள்.

மீஞ்சூர் நண்பர் என் குளியலறைப் பாம்பின் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார். நாளை தேடி எடுத்து அனுப்புகிறேன்.

18 அக்டோபர் 2024, காலை 5.50
9ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். அது வரையன் அல்ல, கட்டுவிரியன்.

படத்தைப் பெரிதாக்கி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கோல் வரையனுக்கு வெண்பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கும், வால் பக்கம் போகப் போக மங்கும். கட்டுவிரியனில் இது தலைகீழ்: முன்பகுதியில் வரிகள் இல்லாமலோ மிக மங்கலாகவோ இருக்கும், பின்னால் போகப் போகத் தெளிவடையும், பல இடங்களில் மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாக வரும். முதுகின் நடுவே ஓடும் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவானவை. என் படத்தில் முன்பகுதி வெறும் மினுமினுப்பான கறுப்பு. முதுகில் அந்த அறுகோணச் செதில் வரிசையும் இருக்கிறது.

இனம் பிரிக்கப் பழகுங்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்த அதே பதிவில், இந்த நாட்டின் மிகக் கொடிய நஞ்சுள்ள பாம்புகளில் ஒன்றை முறத்தில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறேன். அந்த வரிகளை அழிக்கலாமா என்று யோசித்தேன், அழிக்கவில்லை.

18 அக்டோபர் 2024, இரவு
காலையில் எழுதாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். நான் அதை விட்ட பக்கத்து மனையில் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள், காவலுக்கு ஒரு குடும்பம் தகரக் கொட்டகையில் தரையில் படுத்துறங்குகிறது. மாலையில் போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “பாத்ரூம்ல இருந்தப்பவே சொல்லியிருந்தா ஆள கூப்பிட்டிருப்போமே சார்” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்ற நினைப்பில் கூப்பிடாமல் விட்டேன்.

கட்டுவிரியனைப் பற்றி இப்போது நிதானமாக எழுதுகிறேன். பகலில் இது ஏறக்குறைய மந்தமாகச் சுருண்டு கிடக்கும், இரவில்தான் நடமாட்டம். தரையில் படுத்திருப்பவரின் பாய்க்குள் நுழைந்து, அவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பல் மிகச் சிறியது. வீக்கமோ எரிச்சலோ பெரும்பாலும் இருக்காது. பலருக்குக் கடிபட்டதே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள், பிறகு இமை தானாகச் சரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். தரையில் படுத்தவர் காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடும் சொருகிய கண்ணோடும் எழுந்தால், இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

20 அக்டோபர் 2024
காவல்காரக் குடும்பத்துக்கு ஒரு கயிற்றுக் கட்டில் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அதில் குழந்தைகளின் துணிமணி அடுக்கியிருக்கிறது, அவர்கள் முன்போலவே தரையில் படுக்கிறார்கள்.

3 நவம்பர் 2024
கடித்த இடத்துக்கு மேலே கட்டுப் போட வேண்டுமா என்ற கேள்விக்கு என் அனுபவத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

2019 தை மாதம், சம்பா அறுவடை முடிந்த வயலில் பக்கத்து வீட்டு அக்கா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். முள் குத்திவிட்டது என்றுதான் முதலில் சொன்னார். பத்து நிமிடத்தில் புறங்கால் மஞ்சள் பூசணிபோல் ஆகிவிட்டது. வரப்போரத்தில் குக்கர் ஆவி விடுவதைப்போல் ஒரு சீற்றம் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்த்தால், முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலிப் புள்ளி போட்ட கண்ணாடி விரியன், சுருண்டு, போகாமல் கிடந்தது. கட்டுப் போடக் கூடாது என்று நான் படித்திருந்தேன். ஆனாலும் என் தோளில் கிடந்த துண்டு எப்படி அவர் முழங்காலுக்குக் கீழே இறுகியது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எதையாவது செய்தே தீர வேண்டும் என்று கை தானாகத் துடித்தது. செய்யாமல் இருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும் என்று தோன்றுகிறது.

வண்டியில் நடுவில் உட்காரவைத்து, அவர் தம்பி பின்னால் பிடித்துக்கொள்ள, முதலில் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே தடுப்பூசி ஒன்று போட்டார்கள், மருத்துவர் வருவார் என்று உட்காரவைத்தார்கள், முக்கால் மணி நேரம் கழித்து நஞ்சுமுறி மருந்து இல்லை என்றார்கள். இல்லையென்பதை வாசலிலேயே சொல்லியிருக்கலாம். பிறகு நகரத்துக்குள் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஈறிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பணியில் இருந்த இளம் மருத்துவர் என் துண்டைப் பார்த்துவிட்டு, யார் கட்டியது என்று கேட்டார். நான் பேசவில்லை. அவர் அதைச் சட்டென்று அவிழ்க்கவில்லை, மருந்தை ஏற்றத் தொடங்கிய பிறகு மெல்லத் தளர்த்தினார். ஒரேயடியாக அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு மொத்தமாக உடலுக்குள் பாயும் என்றார். இந்த விரியனின் நஞ்சு தசையையும் அரிப்பது. கட்டுப் போட்டால் அது ஒரே இடத்தில் நின்று அரிக்கிறது, இரத்த ஓட்டமும் நின்று கால் அழுகுகிறது.

ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தார்கள். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீராக ஓடியது. நான் பார்த்த மருத்துவச் சோதனைகளில் இவ்வளவு எளிமையானதும் இவ்வளவு பயங்கரமானதும் வேறில்லை. அக்கா பன்னிரண்டு நாள் இருந்தார், சிறுநீரகம் முரண்டு பிடித்ததால் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்தார்கள், பிழைத்துவிட்டார். காலில் இன்றும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் எவ்வளவு பாம்பின் வேலை, எவ்வளவு என் துண்டின் வேலை என்று அவர் என்னிடம் கேட்டதில்லை.

4 நவம்பர் 2024
நேற்று எழுதியதில் விட்டுப்போனவை. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கைகாலை எலும்பு முறிவுக்குச் செய்வதைப்போல் ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாக அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 108ஐ அழைக்க வேண்டும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, பனிக்கட்டி வைக்கக் கூடாது. பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வரவும் வேண்டாம். இங்கே கிடைக்கும் நஞ்சுமுறி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே செய்யப்பட்டது. தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும். ஆனால் படத்தைப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஏன் என்று 18ஆம் தேதிப் பதிவில் இருக்கிறது.

குழந்தைக்கு மருந்து பாதி அளவா என்று ஒருவர் கேட்டார். இல்லை, அதே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து அளந்து கடிப்பதில்லை. தொடக்கத்தில் எட்டு முதல் பத்துக் குப்பி வரை ஏற்றுவார்கள்.

உங்கள் வீட்டுக்கு அருகில் எந்த மருத்துவமனையில் இந்த மருந்து இரவிலும் இருக்கும் என்பதை இன்றே கேட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அது அரசு மருத்துவமனையாக இருந்தால் மருந்துக்குப் பணமும் இல்லை.

16 நவம்பர் 2024
பாம்புக்கடியைத் தமிழ்நாடு அரசு இம்மாதம் அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், வரும் ஒவ்வொரு கடியையும் இறப்பையும் இனி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவை முக்கால் மணி நேரம் உட்காரவைத்த இடத்தில், அன்று அப்படியொருவர் வந்துபோனதற்கு ஏட்டில் ஒரு வரிகூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அது வீடு வீடாகப் போய் இறப்பின் காரணத்தைக் கேட்டுத் தொகுத்த தரவுகளை அடிப்படையாகக் கொண்டது. மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் கூட்டியிருந்தால் அந்த எண்ணுக்கு அருகில்கூடப் போயிருக்க முடியாது. 2030க்குள் இறப்பைப் பாதியாக்க வேண்டும் என்று உலக நல நிறுவனமும் மத்திய அரசும் இலக்கு வைத்திருக்கின்றன.

1 டிசம்பர் 2024
ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்திருக்கிறது. வீட்டில் பாம்பு வரவில்லை. எண்ணூர்க் குப்பத்து நண்பர் ஒருவர் இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு, நிலத்துப் பாம்பை மட்டும் பேசுகிறாயே என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம். வலையில் மீனோடு ஏறிவரும் கடற்பாம்பில் ஒரு வகைக்கு வலைக்கடியன் என்றே பெயர். வால் துடுப்புபோலத் தட்டையாக இருந்தால் கடற்பாம்பு என்று கொள்ளலாம். அதன் நஞ்சு மிகக் கடுமையானது. நான்கு பாம்புக்கான நஞ்சுமுறி அதற்குப் பயன்படாது, செயற்கைச் சுவாசமும் மற்ற ஆதரவுச் சிகிச்சையும்தான் உண்டு. நவம்பர் 4ஆம் தேதிப் பதிவில் “நான்குக்கும் சேர்த்து” என்று எழுதியபோது கரையோரத்து ஆட்கள் என் நினைவில் இல்லை. இடையன்சாவடிக்கும் எண்ணூருக்கும் இடையில் இருப்பது ஒரு கழிமுகம்தான். வெறுங்கையால் வலையை உதறும் சிறுவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

15 டிசம்பர் 2024
கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் திருவொற்றியூரில் புற்று வடிவான இறைவனின் கவசத்தைத் திறப்பார்கள்; ஆண்டின் மற்ற நாள்களில் கவசம் சாத்தியே இருக்கும். என் தாயாரை அழைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். வாசுகியைத் தம் பக்கத்தில் ஒடுக்கிக்கொண்டதால் அங்கே அவருக்குப் படம்பக்கநாதர் என்று பெயர். வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், பாம்பு தனக்காகவே புற்றுக் கட்டுகிறது என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுவது கரையான், பாம்பு வாடகை கொடுக்காத குடித்தனக்காரன். சொல்லலாமா என்று நினைத்து, கட்டுவிரியனை முறத்தில் ஏந்தியவனுக்கு அந்தத் தகுதி இல்லையென்று வாயை மூடிக்கொண்டேன்.

சாரையும் நாகமும் பின்னிப் பிணையும் என்பதையும் பலர் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவதை. அதன்மேல் புடவையைப் போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்று எங்கள் அத்தை ஒரு நல்ல பட்டுப்புடவையை வீணாக்கியிருக்கிறார்.

22 டிசம்பர் 2024
நஞ்சுமுறி எங்கிருந்து வருகிறது என்று கேள்வி கேட்டவரே கேட்டிருக்கிறார். அதைக் குதிரையின் உடலில் உருவாக்குகிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி நம் சென்னைக்குத் தெற்கே, வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1972இன் வனவுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு தோல் வணிகம் முடங்கி, பிழைப்புப் போன இருளர்களுக்காக 1978இல் உருவானது அது. பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, நஞ்சை எடுத்துவிட்டு மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வயலுக்கு அறுவடை முடிந்ததும் இருளர் குடும்பங்கள் எலி வளை தோண்ட வரும். வளைக்குள் இருந்த நெல்லும் எலியும் அவர்களுக்கு. வளை வாயில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் எலி இல்லை, உள்ளே இருப்பது நாகம் என்று எழுந்துபோன ஒரு பாட்டியை எனக்கு நினைவிருக்கிறது. என் தாத்தா நம்பாமல் மண்வெட்டியை எடுத்தார். பாட்டி சொன்னதுதான் உள்ளே இருந்தது. இப்போது அந்த வயலில் லாரிகள் நிற்கின்றன, இருளர் குடும்பங்கள் கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிழைக்கிறார்கள், எலிக்கு நஞ்சு கேக் வைக்கிறோம்.

18 ஜனவரி 2025
போகிக்குப் பக்கத்து மனையின் செங்கல் அடுக்கைப் பிரித்தார்கள். நானும் போய் நின்றேன். கட்டுவிரியன் இல்லை, ஒரு சட்டை மட்டும் கிடைத்தது, முதுகின் நடுவே அறுகோணச் செதில்களோடு, ஏறக்குறைய இரண்டரை முழம். குளியலறையில் கிடந்த குட்டியின் சட்டையாக இது இருக்க முடியாது.

குளியலறைக் கழிவுக்குழாய்க்கு வலை அடித்துவிட்டேன். விறகைச் சுவரிலிருந்து நகர்த்தி மேடைமேல் ஏற்றியாகிவிட்டது, கோழிக்கூட்டையும் வீட்டிலிருந்து தள்ளி வைத்தாயிற்று. மீதி இருந்தது என் தாயாரின் படுக்கை. அறுபது ஆண்டாகத் தரையில் பாய் விரித்துப் படுப்பவர், கட்டிலில் முதுகு வலிக்கிறது என்று நான்காம் நாளே இறங்கிவிட்டார். நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் கொசுவலைக்குள் உறங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவாக இருந்ததென்று 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்திருந்ததால், பாயைச் சுற்றி வலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடச் சொன்னேன். பாம்புக்கு என்றதும் வேண்டாம் என்றார். வந்தால் வரட்டும், அது நம் குலதெய்வம் என்றார். கழிமுகத்துக் கொசு தாங்க முடியவில்லை என்று பொங்கலன்று அவரே வலையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஓரம் செருகியிருக்கிறதா என்று இரவு பத்து மணிக்குக் கைவிளக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கேட்டால், கொசு நுழையுமே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.